இடது கன்னம்

பிப்ரவரி 11

அக்கா,

உன் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான். போனில் பேசினால் எனக்கு ஒரு வார்த்தை வருவதற்குள் நீ மூன்று விளக்கம் சொல்லி முடித்திருப்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பை எங்கள் அச்சகத்தில் வியாழன் மதியமே ஓட்டிவிடுவோம். மிஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு தாளை உருவி, மேஜையில் விரித்து, விளக்கைப் போட்டு நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உருவினேன். விரித்தேன். எட்டாம் பக்கம். மேலே நீ, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கை வைத்துச் சிரிக்கிறாய். கீழே நான்.

கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை. பட்டை போட்டுவிட்டால் ஆள் தெரியாதாம். கன்னம் முழுக்கத் தெரிந்தது. அதன் கீழே எழுதியிருந்தது: 'சிகிச்சை இன்றி விடப்பட்ட கடுமையான முகப்பரு. விஞ்ஞானியின் தம்பி, பதினேழு வயதில்.'

சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குறைத்தேன். என் புண்ணுக்கு நானே நிறம் பார்த்தேன், அக்கா. பார்த்துவிட்டு மிஷினை முழு வேகத்தில் விட்டேன். இரண்டு லட்சம் பிரதி.

மடிக்கிற பகுதியில் இருக்கும் அண்ணன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, இது நீதானே?" என்றார். "இல்லண்ணே" என்றேன். "அந்த சயின்டிஸ்ட்டு உங்க அக்காதானேப்பா?" என்றார். பதினெட்டு வருஷமாகக் கூட வேலை பார்க்கிற மனிதர். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று எப்போதும் என் வலது பக்கமாகவே நின்று பேசுவார். அன்றைக்கு முதல் தடவையாக இடது பக்கம் வந்து நின்று, தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சிகிச்சை இன்றி விடப்பட்டதா? யார் விட்டது?

உனக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன். எனக்குப் பதினேழு. உனக்கு இருபத்து மூன்று, ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருஷம். இரண்டு கண்ணாடிக் குப்பி கொண்டுவந்தாய். ஒன்றில் உங்கள் ஆய்வகத்து மருந்து, இன்னொன்றில் வெறும் களிம்பு. இடது கன்னத்துக்கு மருந்து, வலது கன்னத்துக்கு வெறும் களிம்பு. "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்டா, அப்பதான் அது சயின்ஸ்" என்றாய். ஏழு நாள். வலது கன்னத்துப் பரு எல்லோருக்கும் போகிற மாதிரி இரண்டு மூன்று வருஷத்தில் தானாகவே போனது. இடது கன்னம் வெந்து, உரிந்து, குழி குழியாக நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'ஜல்லி' ஆனது.

அம்மா கேட்டபோது நீ கதவோரமாக நின்று என்னையே பார்த்தாய். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன்: "நகத்தால கிள்ளிக்கிட்டேன்மா." அம்மா சாகும்வரை அதை நம்பினாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட என் கன்னத்தைத் தடவி, "கிள்ளாம இருந்திருக்கலாம்டா" என்றாள். நீயும் அந்த அறையில்தான் இருந்தாய். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய்.

இப்போது பேட்டியில் சொல்கிறாய், 'என் தம்பியின் கண்ணீர்தான் என்னை இந்த ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தது' என்று. நல்லா இருக்கிறது. என் கண்ணீரை நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடு. ஆனால் அது எதனால் வந்த கண்ணீர் என்று அந்தப் பத்திரிகைக்கு நீயே சொல். அதுவரைக்கும் எனக்கு அக்கா இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் ஆய்வக முகவரிக்கு வந்தது. மாணவர்கள் சுற்றி இருக்கும்போது பிரித்துவிட்டேன். பாதியில் எழுந்து, செல் வளர்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மீதியைப் படித்தேன்.

படத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நிருபர் பழைய படம் ஏதாவது வேண்டும் என்று கேட்டார், கொடுத்தேன். நீ வேலை செய்யும் இடத்திலேயே அது அச்சாகும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. படத்தின் கீழே எழுதியது நிருபர். பத்திரிகைக்காரர்கள் எதையும் ஊதித்தான் எழுதுவார்கள், உனக்குத் தெரியாததா?

ஆனால் நீ சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. நானாகவா உன்னைப் பிடித்து உட்கார வைத்துத் தடவினேன்? ஒரு மாதம் தினமும் பள்ளி விட்டு நேராக என் ஆய்வகத்துக்கு வந்து வாசலில் நின்றாய். "உன்கிட்ட இருக்கிற மருந்தைக் குடுக்கா, எது ஆனாலும் பரவால்ல" என்றாய். குளியலறைக் கண்ணாடியை உடைத்தது யார்? வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனது யார்? உனக்காகத்தான் செய்தேன். தவறாகப் போனது. அதற்காக இருபத்தாறு வருஷமாக நான் சும்மா இருக்கவில்லை.

நான் இந்தத் துறைக்கு வந்தபோது பரு என்றால் அழுக்கு என்றார்கள், எண்ணெய்ப் பண்டம் என்றார்கள், வயசுக் கோளாறு என்று சிரித்தார்கள். மாநாட்டில் ஒருவர் எழுந்து, "இதுக்கெல்லாமா ஆராய்ச்சி, முகம் கழுவினா போதாதா?" என்று கேட்டார். தோலுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியின் செல்லை வெளியே எடுத்து உயிரோடு வைத்திருப்பதற்கே எனக்கு ஆறு வருஷம் ஆனது. ஒன்பதாம் நாள் செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. எந்தப் பரு தடயம் இல்லாமல் ஆறும், எது குழியாக நிற்கும் என்று முதல் சில நாளிலேயே சொல்ல முடியும் என்பதை நான்தான் காட்டினேன். அதற்குத்தான் அடுத்த மாதம் விருது. இவ்வளவையும் ஒரு குப்பிக் களிம்புக்குள் போட்டு மூடிவிடப் பார்க்கிறாய்.

அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். சொல்லிவிட்டு அந்த நன்றிக்கடனை இத்தனை வருஷம் என் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாய்.

இன்னொன்று. உன் மகள், நம் பொடிசு, மூன்று படம் அனுப்பியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே அனுப்பினாள். தாடையிலும் முதுகிலும் வந்திருப்பது சாதாரணப் பரு இல்லை. ஆழமாக இறங்கிக் கட்டி கட்டும் ரகம். தழும்பு நிற்கும். டாக்டரிடம் போகச் சொன்னேன். "அப்பா விடமாட்டார் அத்தை. சோப்பும் தண்ணியும் போதும்ங்கிறார். எதையாவது தடவினா கையை ஒடிப்பேன்ங்கிறார்" என்று எழுதியிருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண்ணடா. என்மேல் உள்ள கோபத்தில் அவள் முகத்தைப் பணயம் வைக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

நிருபர் எழுதினாரா?

அச்சகம் தரைத் தளம். ஆசிரியர் இலாகா மூன்றாம் மாடி. நாற்பத்தெட்டுப் படி. மைக் கறையோடு ஏறிப்போய் அந்த நிருபரைப் பார்த்தேன். நல்ல பையன்தான், பயந்துவிட்டான். நீ அனுப்பிய மெயிலைத் திறந்து காட்டினான். படமும் அதன் கீழே உள்ள வரியும் சேர்ந்தே உன்னிடமிருந்து வந்திருக்கின்றன. ஒரு எழுத்து மாறவில்லை. "இது மேடத்தோட லெக்சர்ல எப்பவும் வர்ற படம் சார்" என்றான். எப்பவும்! எத்தனை ஊரில், எத்தனை மேடையில் என் கன்னத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டிப் பொய் சொன்னாய், அக்கா? நான் இங்கே கல்யாண போட்டோவில்கூட ஒரு பக்கமாகத் திரும்பி நின்றேன்.

நான் கேட்டது உண்மைதான். வாசலில் வந்து நின்றது உண்மைதான். பதினேழு வயதில் எவன் கேட்கமாட்டான்? கேட்டவன் சின்னவன். கொடுத்தவள் பெரியவள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். மருந்தின் அளவு தப்பிவிட்டது என்று அப்போதே அழுதுகொண்டே சொன்னாய். அன்றைக்கே உன்னை மன்னித்துவிட்டேன். தப்பு யாருக்கும் நடக்கும். நானும் ஒரு தடவை மிஷினில் தாளை மாற்றிப் போட்டு ஒரு முழு ரோலை நாசமாக்கியிருக்கிறேன். தப்புக்காக உன்னோடு நான் ஒரு நாள்கூட முகம் திருப்பிக்கொள்ளவில்லை. வயிறு எரிவது இந்தப் பொய்க்குத்தான். உன் தப்பை எடுத்து 'கவனிக்காமல் விட்ட குடும்பம்' என்று எங்கள் தலையில் கட்டினாயே, அதற்கு.

என் மகள் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே. அவள் அனுப்பிய படங்களை அழித்துவிடு. அதையும் எங்கேயாவது மேடையில் பார்த்தேன் என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

என் மனைவியும் உன் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்று பொடிசு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று முடியை முகத்தில் வழியவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "உங்க அக்கா மேல இருக்கிற கோபத்துக்கு இவ முகம்தான் கெடைச்சுதா?" என்று மனைவி கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

உண்மையைச் சொல். வேறு எதுவும் எழுதாதே.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

படத்தின் கீழே இருந்த வரி என்னுடையது. முதல் மாநாட்டுக்குப் போகும்போது எழுதியது. அப்போது இருபத்தெட்டு வயது. யாராவது 'இவருக்கு என்ன சிகிச்சை கொடுத்தீர்கள்?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த முறையும் அதுவே இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

தப்பை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த மன்னிப்பை நான் வைத்துக்கொள்ள முடியாது. நீ எதை மன்னித்தாய் என்று உனக்கே தெரியாது.

மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அது தவறுதான். மூன்றாம் நாள் நீ வந்து, "எரியுதுக்கா, தலகாணியில கன்னத்தை வைக்க முடியல" என்றாய். தோலைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. நீ போனபிறகு அலமாரியைத் திறந்து பாட்டிலின் லேபிளைப் பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் மாலையே எனக்குத் தெரியும்.

நிறுத்தவில்லை.

ஏழு நாள் கணக்கை அடுத்த வாரம் என் வழிகாட்டியிடம் கொடுக்க வேண்டியிருந்தது. உன்மேல் போட்டுப் பார்ப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரு ஆள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். முதல் வருஷத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார். அதனால் மறுநாள் உன்னிடம் சொன்னேன்: "எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்டா. இன்னும் நாலே நாள், பல்லைக் கடிச்சுக்கோ." நீ சரி என்று தலையாட்டினாய். நான் நோட்டில் 'லேசான சிவப்பு' என்று எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த நான்கு நாளில் என்ன நடந்தது என்று இன்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மேல்தோல் போனால் திரும்ப வளரும். முதல் இரண்டு மூன்று நாளில் நிறுத்தினால் அடையாளமே இருக்காது. அதற்கு மேல் போனால் அடித்தோல் செத்துவிடும், குழி விழும். பாத்திரத்தில் செல் வளர்த்து, நூற்றுக்கணக்கான பேரின் தோலைப் பார்த்து, நாள் கணக்காக அளந்து நான் நிரூபித்தது இதைத்தான். விருது இதற்குத்தான். இருபத்தாறு வருஷமாக நான் கண்டுபிடித்ததெல்லாம் உனக்கு நான் என்ன செய்தேன் என்பதுதான்.

உன்மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம் இருந்தது. அது ஏன் என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. ஏன்டா நம்பினாய்? எரிகிறது என்று உனக்குத் தெரியும். கழுவி எறிந்திருக்கக் கூடாதா? 'போடீ' என்று கத்தியிருக்கக் கூடாதா? நான் சொன்னேன் என்பதற்காக நான்கு நாள் நம்பினாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரும்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், நீ என்னை அடித்தாலும் சொல்வேன். பொடிசின் முகத்தைத் தினமும் பார்க்கிறாய். மோசமாகிறது என்று தெரிகிறது. தெரிந்தும் சும்மா இருக்கிறாய். அன்று நான் செய்ததும் இதுதான்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

அச்சகத்தின் பின்னால், தாள் உருளைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று படித்தேன். மூன்று தடவை. அப்புறம் ஒரு உருளையை உதைத்தேன். அரை டன் இருக்கும். கால் விரல் வீங்கிவிட்டது.

நான்கு நாள். ஒவ்வொரு நாளும் உன் முன்னால் வந்து உட்கார்ந்து கன்னத்தைக் காட்டினேன். நீயே உன் கையால் தடவினாய். தெரிந்துகொண்டே தடவினாய்.

மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி எழுதாதே.

பொடிசை நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். உனக்காக இல்லை. நீ சொன்னதாலும் இல்லை. தெரிந்தும் சும்மா இருந்தவள் பக்கத்தில் எனக்கு இடம் வேண்டாம்.

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். நீ கேட்டதைச் செய்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் எழுதுகிறேன்.

விருது நாளில் நாற்பது நிமிடம் உரை. முதல் பத்து நிமிடம் எப்போதும் போலப் பேசினேன். பிறகு திரையில் உன் படத்துக்குப் பதிலாக அந்த நோட்டின் பக்கத்தைப் போட்டேன். நான்காம் நாள், என் கையெழுத்து, 'லேசான சிவப்பு'. அது பொய் என்றேன். யார்மேல் செய்தேன், எத்தனை வயது, எப்போது எனக்குத் தெரிந்தது, ஏன் நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் முதல் வரிசையில் ஒருவர் கையை உயர்த்தி, அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் இயக்குநர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "இப்ப இதை யார் கேட்டாங்க உங்களை? நிறுவனத்தோட முகத்துலயே கரி பூசிட்டீங்களே!" என்றார். "என் தம்பி கேட்டான்" என்றேன்.

விருதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் கடைசி மாணவி வராந்தாவில் வழிமறித்து, "எங்க தீசிஸ் என்ன ஆகும் மேடம்? உங்க பேரு போட்டு நாங்க எங்க போய் நிக்கிறது?" என்று கத்தினாள். அவள் கோபமும் நியாயம். உனக்கு ஒரு கடனைத் தீர்க்கப்போய் அவளுக்குப் புதிதாக ஒன்று வைத்துவிட்டேன்.

பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். உன் படங்களையும் பொடிசு அனுப்பியவற்றையும் அழித்துவிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

போனை இரண்டு தடவை எடுத்தேன். உன் குரல் கேட்டால் எனக்குக் கத்தத்தான் வரும், விஷயம் வராது. எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து உடனே உனக்கு அனுப்பும்படி மனைவியிடம் கொடுக்கிறேன்.

டாக்டர் இரண்டு வாரம் இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். இன்றோடு பதினெட்டு நாள். முகம் ஆறவில்லை, இன்னும் மோசமாகியிருக்கிறது. மார்பிலும் முதுகிலும் புண் உடைந்து நீர் வடிகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். முட்டி வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறாள். டாக்டர் விடுப்பில் இருக்கிறார். அவர் இடத்தில் இருக்கும் சின்ன டாக்டரிடம் காலையில் போனேன். அவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மொதல்ல கொஞ்சம் அதிகமாகத்தான் செய்யும் சார். மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். விடாம போடுங்க."

வேலை செய்யுதுன்னு அர்த்தம். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். பொடிசு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொல்வது உண்மையா, நீ சொன்ன மாதிரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நிறுத்தினால் முகம் கெட்டுப்போகுமோ, தொடர்ந்தால் கெட்டுப்போகுமோ. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று.

உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உன் அளவுக்கு இதைத் தெரிந்தவர்கள் யாரும் எனக்குத் தெரியாது. எவ்வளவு கேவலமான நிலைமை பார். நிறுத்தட்டுமா, தொடரட்டுமா? ஒரு வார்த்தை சொல். ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்.

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நிறுத்து.

உன் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ இதைப் படிப்பதற்குள் நீங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டாய், அதனால் எழுத்திலும் இருக்கட்டும்.

சின்ன டாக்டர் பொய் சொல்லவில்லை. இந்த மாத்திரையில் முதல் சில வாரம் பரு கொஞ்சம் அதிகமாவது உண்டு. பலருக்கும் உண்டு. ஆனால் காய்ச்சல், மூட்டு வலி, புண் உடைவது மூன்றும் சேர்ந்து வந்தால் அது வேறு. அபூர்வம்தான், ஆனால் வரும். அவர் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல். முதலில் அழற்சியை அடக்க மருந்து கொடுப்பார்கள். அது அடங்கியபின் இதே மாத்திரையை ரொம்பக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம். மாத்திரை கெட்டது இல்லை. அவள் உடம்புக்கு இந்த வேகம் ஆகவில்லை.

எனக்குத் தெரியாததையும் எழுதிவிடுகிறேன். தழும்பு எவ்வளவு நிற்கும் என்று தெரியாது. நிற்காது என்று சொல்லமாட்டேன். எத்தனை நாளில் காய்ச்சல் இறங்கும் என்று தெரியாது. நான் அவளை நேரில் பார்க்கவில்லை. அதனால் நான் சொல்வதையும் அங்கே இருக்கும் டாக்டர் சரிபார்க்க வேண்டும். என்னை நம்பாதே. கேட்டுக்கொள், பிறகு அவர்களிடம் கேள்.

வலிக்கிறது என்று அவள் சொன்னால் வலிக்கிறது என்றுதான் அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் இல்லை.

அக்கா

*

மே 24

அக்கா,

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் ஒரு வயதான அம்மாள். நாக்கு கத்தி. என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" நான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "சரியான நேரத்துல நிறுத்தியிருக்கீங்க. இன்னும் நாலு நாள் போயிருந்தா புண்ணெல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்கும். யாரு சொன்னது?" என்றாள். "தெரிஞ்சவங்க" என்றேன். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அதை உனக்குத் தெரியப்படுத்திவிடுகிறேன்.

இப்போது குறைந்த அளவு மாத்திரை. காய்ச்சல் இல்லை. படி ஏறுகிறாள், இறங்குகிறாள், தம் தம்மென்று குதிக்கிறாள். உதடு வெடித்து எரிச்சலில் எல்லோர்மேலும் பாய்கிறாள். லீவு முடிந்ததும் பள்ளிக்கூடம் போவேன் என்கிறாள். முதுகு ஆறிவருகிறது.

தாடையில் மூன்று குழி நிற்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். "இது மாத்திரையால வந்தது இல்ல. பழைய கட்டி. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இது இருக்காது" என்றாள். பொடிசுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். நல்ல மனசு.

ஆக, அந்த மூன்று குழியும் என்னுடையது. நான் சோப்பும் தண்ணீரும் என்று கத்திக்கொண்டு இருந்த மாதங்கள். உன்னைத் திட்டித் திட்டி நான் செய்த வேலை.

வீட்டுக்கு வரும் வழியில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மாத்திரை மேல் பழி போட்டால் யாருக்கும் தெரியாது. மனைவிகூடக் கேட்கமாட்டாள். எவ்வளவு சுலபமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஒரு செருப்போடு நின்றபடி சொல்லிவிட்டேன். "தாடையில இருக்கிறது போகாதாம்மா. நான் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா வந்திருக்காது. அப்பா தப்பு."

அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள். எனக்கு இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கே தெரியாது, அவளுக்கு வருகிறது. கதவை அடைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் அந்தக் கதவுக்கு வெளியே நின்று சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவள் கோபம் அவளுக்கு இருக்கட்டும் என்று விட்டேன்.

என் கோபமும் அப்படியே இருக்கிறது, அக்கா. நீ நல்லது சொன்னாய் என்பதற்காக நான்கு நாள் இல்லாமல் போய்விடாது. மடிக்கிற பகுதி அண்ணன் பத்திரிகையில் வந்த உன் ஒப்புதல் கடிதத்தைப் படித்துவிட்டு, "இத்தோட முடிச்சுக்கோப்பா" என்கிறார். முடியவில்லை. முடியும்போது சொல்கிறேன். முடியாமலும் போகலாம்.

நேற்று பொடிசு தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பியில் இருந்து நோட்டு வரைக்கும். என் கன்னத்தை அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீயும் அத்தையும் ஒண்ணுதான்ப்பா. உனக்கு எரியுதுன்னு நீ சொன்னே, அத்தை கேக்கல. எனக்கு டாக்டர்கிட்ட போகணும்னு நான் சொன்னேன், நீ கேக்கல. ரெண்டு பேரும் இப்ப ஒருத்தரை ஒருத்தர் திட்டி லெட்டர் போட்டுக்கிறீங்க. இதுல நான் எங்க இருக்கேன்?"

உனக்குப் பதில் ஏதாவது வந்தால் எழுது. எனக்கு வேண்டாம். அவள் பெயருக்கு எழுது.

தம்பி